பித்தப்பைக்கு நான்கெல்லை எழுதியவர்

உலகில் இதுவரை நடந்த போர்கள், பங்காளிச் சண்டைகள், மணமுறிவுகள் ஆகிய அனைத்துக்கும் காரணம் ஒன்றே: யாரோ ஒருவர் எங்கோ ஓரிடத்தில் எல்லையைச் சரியாக எழுதாமல் விட்டுவிட்டார் என்று ஐயமற நம்பும் மனிதர் இப்பூவுலகில் ஒருவரே உளர். அவர் பெரம்பலூரில், என் வீட்டுக்கு அடுத்த வீட்டில் வாழ்கிறார்.

தொழிலால் அவர் பத்திர எழுத்தர். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே, தகரக் கொட்டகையின் கீழ் அவருக்கு ஒரு மேசை உண்டு. நிலத்துக்கு வடக்கே யாது, தெற்கே யாது, கிழக்கே யாது, மேற்கே யாது என்று நான்கு திசை எல்லைகளையும் குறிக்கும் பகுதியைப் பத்திர வழக்கில் ‘செக்குபந்தி’ என்பர். மற்ற எழுத்தர்கள் நான்கு வரியில் முடிக்கும் அப்பகுதியை இவர் இரண்டு பக்கம் எழுதுவார். ஆகவே ஊர் அவருக்கு இட்ட பெயர் செக்குபந்தியார். தனியார் பள்ளியொன்றில் தமிழாசிரியனாகக் காலம் கழித்தவன் நான். பிறமொழிச் சொற்களை இயன்றவரை வாசலிலேயே நிறுத்திப் பேசி அனுப்பிவிடுவது என் வழக்கம். ‘நான்கெல்லையார்’ என்று அழகிய பெயரொன்றை ஆக்கி ஓராண்டுக்காலம் அவரை அவ்வாறே அழைத்துப் பார்த்தேன். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை, அவர் உட்பட. இறுதியில் நானும் ஊரோடு இணங்கினேன்.

அரியலூரில் அவருடைய உறவினர் வீட்டுத் திருமணத்துக்கு அழைப்பிதழ் எழுதும் பொறுப்பை அவரிடம் விட்டார்கள். மணமக்கள் பெயர் இரண்டு வரியில் முடிந்தது. மண்டபத்தின் இருப்பிடம் ஒன்பது வரி. ‘மேற்படி மண்டபத்துக்கு வடக்கே சிமெண்டு லாரிகள் நிற்கும் பொட்டல், தெற்கே நாட்டுக்கோழிக் கடை, கிழக்கே மூடப்பட்ட நெல் அரைவை ஆலை, மேற்கே சாக்கடையும் அதன்மேல் இட்ட கல்பாலமும். இவற்றுக்கு மத்தியில் கண்ட மண்டபத்தில் திருமணம்.’ மாப்பிள்ளை வீட்டார் கொதித்தெழுந்தனர். “ஏங்க, பத்திரிகையில சாக்கடைய எழுதுவாங்களா?” என்று கேட்டார் மாப்பிள்ளையின் தந்தை. “அங்க சாக்கடை இருக்குதா, இல்லையா? அத மட்டும் சொல்லுங்க” என்றார் செக்குபந்தியார். இருந்தது. அன்று ஒரு விருந்தினர்கூட வழி தவறவில்லை.

ஒருமுறை முதுகுவலிக்கு மருத்துவரிடம் சென்றார். எங்கே வலிக்கிறது என்று அவர் கேட்டதும், “வடக்க தோள்பட்ட, தெக்க இடுப்பு, கெழக்க வலது விலா, மேக்க தண்டுவடம். இதுக்கு நடுவுல ரெண்டு விரக்கட அகலத்துக்கு வலிங்க” என்றார்.

மருத்துவரும் நகைச்சுவை உள்ளவரே. “நீங்க திரும்பிப் படுத்தா கெழக்கு மேக்கு மாறிப்போயிருமே?” என்றார்.

“அதனாலதான் டாக்டர், பத்து நாளா நான் திரும்பியே படுக்கல.”

இத்தகையவரை மருத்துவக் காப்பீடு என்னும் துறைக்குள் இழுத்துவிட்ட பழி என்னையே சாரும்.

எனக்கும் என் மனைவி செண்பகத்துக்கும் வயது ஏறிக்கொண்டிருந்தது. அரசுக் காப்பீட்டு அட்டை பெறுவதற்கு எங்கள் வருமானம் சற்றே மிகுதி; தனியார் மருத்துவமனையில் படுப்பதற்கோ அது மிகக் குறைவு. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள பள்ளத்தில் வாழ்வோர்க்கென்றே காப்பீட்டு நிறுவனங்கள் தோன்றியிருப்பதாக அரும்பாவூர் குணசேகரன் என்னும் முகவர் எனக்கு விளக்கியிருந்தார். விதைக் கடை நடத்திவந்து பின்னர் இத்தொழிலுக்கு வந்தவர். நல்ல மனிதர், எதைக் கேட்டாலும் முதலில் ‘ஆமாம்’ என்பார், பிறகுதான் கேள்வி என்னவென்று யோசிப்பார். ஒரு ஞாயிறு காலை படிவத்தோடு என் வீட்டுக்கு வந்தார். அப்போது நான் செய்த பிழை ஒன்றே: ‘பத்திரம்’ என்ற சொல்லைச் சற்று உரக்கச் சொல்லிவிட்டேன். அடுத்த நொடி செக்குபந்தியார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தவாறு என் கூடத்தில் நின்றார்.

“படிங்க” என்றார்.

“எத சார்?” என்றார் குணசேகரன்.

“எல்லாத்தயும்.”

முகவர்கள் ஒருபோதும் முழுதாகப் படித்திராத ஏடு ஒன்று உலகில் உண்டாயின் அது தாம் விற்கும் காப்பீட்டின் விதித்தொகுப்பே. குணசேகரன் வியர்த்தார். செக்குபந்தியார் அதைத் தாமே வாங்கி முதற்பக்கத்தைப் புரட்டினார்.

“எழுதிக் குடுக்குறவரு வாத்தியாரய்யா. சரி. எழுதி வாங்கிக்கிறது யாரு?”

“கம்பெனிங்க.”

“கம்பெனின்னா ஆளு பேரு? தகப்பனார் பேரு, வயசு, கதவு எண்?”

“கம்பெனிக்கு ஏதுங்க தகப்பனாரு?”

“தகப்பன் பேரு இல்லாத ஆளுக்கு நான் இதுவரைக்கும் பத்திரமே எழுதுனது இல்ல” என்று சொல்லி, அந்த இடத்தில் பென்சிலால் ஒரு வட்டமிட்டார்.

அடுத்து வந்தது காத்திருப்புக் காலம். சில நோய்களுக்கு இரண்டாண்டு கழித்தே பணம் கிடைக்கும், ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு மூன்றாண்டு என்று குணசேகரன் மெல்லிய குரலில் கூறினார்.

“அதாவது, இன்னிக்குக் கிரயம் முடிஞ்சிரும். பணம் இன்னிக்கே வாங்கிக்குவீங்க. வூட்டுச் சாவி மட்டும் ரெண்டு வருசம் கழிச்சுத் தருவீங்க.”

“அப்படிப் பாக்கக் கூடாது சார்...”

“வேற எப்படிப் பாக்குறது? தலகீழா நின்னு பாக்கட்டுமா?”

வாடகை வரம்பு என்றொரு விதி. அனுமதித்த வாடகைக்கு மேற்பட்ட அறையில் தங்கினால், வாடகையில் மட்டுமல்லாது அறுவைக் கட்டணம் முதலியவற்றிலும் அதே விகிதத்தில் வெட்டுவார்களாம். செக்குபந்தியார் அதை இருமுறை படித்தார். “ஏ.சி. ரூம்ல படுத்தா கத்தி கூடுதலாவா வெட்டும்?” என்றார். குணசேகரன் வழக்கம்போல் ‘ஆமாம்’ என்று தொடங்கி, நாக்கைக் கடித்துக்கொண்டார்.

காப்பி கொண்டுவந்த செண்பகமும் தன் பங்குக்கு ஒரு வினா எழுப்பினாள். “ஏந்தம்பி, ஒண்ணும் ஆவாம நாங்க நல்லாவே இருந்துட்டா, கட்டுன பணம் திரும்பி வருமா?”

“வராதுங்கம்மா. உடம்பு நல்லா இருக்கிறதுதான் லாபம்.”

“அது இப்பவே சும்மாத்தான கெடக்குது” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

காப்பீட்டியலின் பெரிய நூல்களிலும் குணசேகரன் சொன்னதற்கு இதனினும் சிறந்த மறுமொழி இருக்குமா என்பது ஐயமே.

பின்னர் வந்தது, எங்களுக்கு முன்னரே இருந்த நோய்களைக் குறிக்க வேண்டிய பகுதி. செண்பகத்துக்குச் சிறிதளவு சர்க்கரை நோய் உண்டு. குணசேகரன் குரலைத் தாழ்த்தினார். “லேசாத்தான சார் இருக்குது. எழுதாம வுட்ரலாம். எழுதுனா தவணை ஏறிரும்.” என் மனமும் அந்தப் பக்கமே சாய்ந்தது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

செக்குபந்தியார் எழுந்து நின்றுவிட்டார். அவர் எழுந்து நின்று நான் பார்த்தது அரிது. “வில்லங்கத்த மறைச்சு எழுதச் சொல்றியா? நிலத்து மேல கடன் இருந்தா முப்பது வருசத்துக்குத் தோண்டி எடுத்து எழுதுறவன் நான். மறைச்ச பத்திரம் நிக்காது தம்பி. அதுவும் எப்பச் சாயும் தெரியுமா? நீ சாஞ்சு படுக்குறப்பத்தான் அதுவும் சாயும்.”

சொன்னதோடு நின்றாரா? செண்பகத்தைக் கூப்பிட்டு அமர்த்தி, முப்பதாண்டு உடல் வில்லங்கத்தையும் விசாரித்து எழுதலானார். சர்க்கரை முதலில். பிறகு கீழப்பழுவூரில் அவள் தாய்வீட்டில் தேள் கொட்டியது, பேருந்துப் படியில் கால் பிசகியது, ஆடிமாதக் காற்றில் கண்ணில் தூசி விழுந்தது. “எந்தக் கண்ணும்மா?” “வலது கண்ணுண்ணே.” “வலது கண்ணு. எழுதியாச்சு.” மூன்று முழுத்தாள்.

அத்துடனும் அவர் நிறைவு கொள்ளவில்லை. “அளக்காத நிலத்துக்குப் பத்திரம் போடக் கூடாது. உள்ள இருக்கிறத யாராச்சும் அளந்து பாத்தீங்களா?” என்றார். நிறுவனம் கேட்டது இரத்தப் பரிசோதனை மட்டுமே. செக்குபந்தியாரின் நச்சரிப்புக்கு இருவர் வயிற்றையும் எங்கள் செலவில் ஸ்கேன் எடுத்தோம். ஈரல், பித்தப்பை, சிறுநீரகம் யாவும் பழுதின்றி அமைந்துள்ளன என்று அறிக்கை வந்தது. “பாத்தீங்களா, வெட்டிச் செலவு” என்றேன் நான். “இதான் புல வரைபடம்” என்றார் அவர். அதன் நகலை வில்லங்கத் தாள்களின் நகலோடு பிணைத்து, படிவம் வாங்க மறுபடி வந்த குணசேகரனிடம் கொடுத்து, மூலத்தில் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று கையெழுத்து வாங்கிய பின்னரே அவரை அரும்பாவூர்ப் பேருந்தில் ஏற அனுமதித்தார்.

தவணை ஏறியது. ஒரு திங்கள் நான் அவருடன் சரிவரப் பேசவில்லை. அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

இனித்தான் கதை.

காப்பீடு எடுத்து நான்காம் ஆண்டு நடந்துகொண்டிருந்தது. ஒரு புதன்கிழமை காலை, மூன்று நாளாக விட்டுவிட்டு வந்த வயிற்றுவலி பொறுக்கமாட்டாமல் செண்பகம் சுருண்டு படுத்தாள். புறவழிச்சாலையை ஒட்டிய ஒரு தனியார் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். ஸ்கேன் எடுத்தார்கள். பித்தப்பையின் கழுத்தில் கல் ஒன்று அடைத்துக்கொண்டிருந்தது. ஓரிரு நாளில் எடுத்தாக வேண்டும், தள்ளிப்போட்டால் சீழ் பிடிக்கும் என்றார் பெரிய மருத்துவர்.

அதற்குமுன் பயிற்சி மருத்துவர் ஒருவர் வந்து விவரம் கேட்டிருந்தார். சென்னையிலிருந்து வந்த பெண், கனிவானவர், கேட்டதையெல்லாம் அப்படியே எழுதிக்கொள்ளும் நற்பழக்கம் உடையவர். நானோ அவ்வேளையில் சுவரில் தொங்கிய நோயாளர் உரிமைப் பலகையில் ஐந்தாவது பிழையைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தேன்.

“எவ்ளோ நாளா வலி இருக்கும்மா?”

செண்பகம் என் முதுகைச் சுட்டிக்காட்டினாள். “இந்த மனுசனக் கட்டிக்கிட்டு வந்த நாள்லேர்ந்து வலிதாங்க.”

“கல்யாணம் ஆகி எத்தனை வருஷம்?”

“வர்ற தை வந்தா நாப்பத்தொண்ணு.”

எங்கள் பக்கத்துப் பெண்கள் கணவரைப் பற்றிப் பேசும்போது எதைக் குறிப்பெடுப்பது, எதை விடுவது என்பது மருத்துவக் கல்லூரிப் பாடத்திட்டத்தில் இல்லை போலும். அப்பெண் எழுதினார்: வயிற்றுவலி, நாற்பத்தொரு ஆண்டுகளாக.

அத்தாள் காப்பீட்டு நிறுவனத்துக்குப் பறந்தது. பிற்பகல் மூன்று மணிக்கு மருத்துவமனையின் காப்பீட்டு மேசையிலிருந்த பெண் என்னை அழைத்தார். “சார், ரிஜெக்ட் ஆயிருச்சு. நாற்பத்தொரு வருஷமா இருக்கிற நோயை மறைச்சு பாலிசி எடுத்திருக்கீங்கன்னு போட்டிருக்காங்க.”

குணசேகரனைத் தொலைபேசியில் அழைத்தேன். அவர் என்னைவிட அதிகம் பதறினார். “நாப்பத்தொரு வருசத்த எப்படி சார் மறைச்சீங்க? எங்கிட்டகூட ஒரு வார்த்த சொல்லலியே!”

அறைக்குத் திரும்பினால் செண்பகம் துணிப்பையில் சேலைகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். ஒரு கை அடிவயிற்றை அழுத்தியிருந்தது.

“என்ன செய்கிறாய்?”

“வூட்டுக்குப் போவோம். கல்லுதான, கெடந்துட்டுப் போவட்டும்.”

“சீழ் பிடிக்கும் என்கிறாரே மருத்துவர்.”

“பிடிச்சாப் பிடிக்குது. கீழப்பழுவூர்ல அப்பா எனக்குன்னு குடுத்தது அந்த அரைக்காணி ஒண்ணுதான். அத வித்து வயித்த அறுத்துக்க மாட்டேன். சொல்லிட்டேன்.”

அவள் ‘சொல்லிட்டேன்’ என்று முடித்தபின் மேல்முறையீடு இல்லை என்பதை நான் நாற்பதாண்டாய் அறிவேன். “ஒரு மணிநேரம் பொறு” என்று மட்டும் சொல்லிவிட்டுத் தானி ஒன்றைப் பிடித்துச் சார்பதிவாளர் அலுவலகம் சென்றேன்.

செக்குபந்தியார் ஒரு வெங்காயக் காட்டின் தென்னெல்லையில் ஆழ்ந்திருந்தார். நான் மூச்சுவாங்கச் சொன்னதை முழுதும் கேட்டார். மேசையைப் பூட்டினார். வெங்காயக் காட்டுக்காரர், “ஐயா, என் தெக்கு இன்னும் முடியலிங்களே” என்றதற்கு, “தெக்கு எங்கயும் போவாது, ஒக்காரு” என்றார். பிறகு என்னிடம், “பதறாதீங்க வாத்தியாரய்யா. எழுதுனதுல தப்பு வந்துருச்சு. அவ்ளோதான. எழுதுனதுல தப்பு வந்தா அதுக்குன்னே ஒரு பத்திரம் இருக்குது” என்றார்.

“என்ன பத்திரம்?”

“பிழைத்திருத்தல் பத்திரம்.”

அவர் முத்திரைத்தாள் ஒன்றை எடுத்துச் சட்டைப்பையில் செருகினார். வழியில் தம் வீட்டில் இறங்கி, ஒரு பழைய உறையையும் எடுத்துக்கொண்டார்.

மருத்துவமனை அறையில் நோயாளியின் உணவு மேசையை இழுத்துப் போட்டு அமர்ந்தார். செண்பகம் பையை மூடிவிட்டு, செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.

“தங்கச்சி, ஒக்காரு. எழுதிக் குடுக்குறவ நீ. நீ எந்திரிச்சுப் போனா பத்திரம் செல்லாது.”

“வலி உசுரு போவுதுண்ணே. இப்பப் போயிப் பத்திரமா?”

“அந்த வலியப் பத்தித்தான் எழுதுறேன்.” எழுதியவாறே உரக்கப் படிக்கலானார். “பெரம்பலூர் நகரில் வசிக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியரின் மனைவி செண்பகமாகிய நான், எவருடைய தூண்டுதலும் இன்றி, முழு மனச் சம்மதத்துடன் எழுதிக்கொடுத்த பிழைத்திருத்தல் பத்திரம் யாதெனில்: இன்று காலை மருத்துவரிடம் என்னால் வாய்மொழியாகச் சொல்லப்பட்ட நாற்பத்தொரு வருட வலியானது என் கணவரைக் குறித்ததே அன்றி, என் பித்தப்பையைக் குறித்ததல்ல. மேற்படி பித்தப்பை வலிக்கு இன்றைய தேதியில் வயது மூன்று நாள். மேற்படி கணவருக்கும் மேற்படி பித்தப்பைக்கும் யாதொரு பாத்தியமும் தொடர்பும் இல்லை.”

செண்பகம் செருப்பைத் தேடுவதை நிறுத்தியிருந்தாள்.

“சொத்து விவரம். வடக்கே கல்லீரல், தெற்கே குடல், கிழக்கே இரைப்பை, மேற்கே விலா எலும்பு. இதற்கு மத்தியில் கண்ட பித்தப்பை ஒன்று. அதனுள் அத்துமீறி நுழைந்த கல் ஒன்று.” நிமிர்ந்தார். “எல்லாம் சரியா இருக்குதா தங்கச்சி?”

“கல்லு விசயம் சரிதாண்ணே.”

“ஒண்ணே ஒண்ணு பாக்கி. அந்த நாப்பத்தொரு வருச வலி இருக்குதே, அதுக்கு நீ ஈடு கேக்குறியா, இல்ல வுட்டுக் குடுக்குறியா? அத எழுதாம வுட்டா பின்னாடி வழக்கு வரும்.”

செண்பகம் என்னைப் பார்த்தாள். வெயிலில் அலைந்து, சட்டையெல்லாம் நனைந்து நின்றுகொண்டிருந்தேன்.

“வுட்டுக் குடுத்தாச்சுன்னே எழுதுங்கண்ணே” என்றாள்.

எழுதினார். அவள் கையொப்பமிட்டாள். பிறகு தாளை என் பக்கம் தள்ளினார். “சாட்சிக் கையெழுத்து போடுங்க.”

“வலியே சாட்சி போடலாமா?” என்றேன்.

“சம்பவ எடத்துல நாப்பத்தொரு வருசமா இருந்தவரு நீங்க ஒருத்தர்தான். வேற யாரக் கூப்புடுறது?”

அதற்குள் செய்தி பரவிச் செவிலியர் வாயிலில் கூடிவிட்டனர். பயிற்சி மருத்துவப் பெண் கண்கலங்கி நின்றார். “நான் எழுதினதை அடிச்சுட்டு மூணு நாள்னு மாத்திடட்டுமா சார்?”

“ஐயையோ, அந்தத் தப்ப மட்டும் பண்ணிராதம்மா!” என்று அலறினார் செக்குபந்தியார். “மூலப் பத்திரத்துல கை வைக்கவே கூடாது. அடிச்சா அது மோசடி. எழுதுனது எழுதுனபடி இருக்கட்டும். எப்படித் தப்பு வந்துச்சுன்னு தனியா ஒரு தாள்ல எழுதி, தேதி நேரம் போட்டு, ஓங்க பெரிய டாக்டர் கையெழுத்தோட பின்னாடி சேருங்க.”

பெரிய மருத்துவர் வந்தார். பத்திரத்தை வாசித்தார். மூக்குவரை வந்த சிரிப்பை மருத்துவருக்குரிய கண்ணியத்துடன் விழுங்கினார். “நாங்க செய்யவேண்டியதும் அதேதான்” என்று சொல்லி, வலி தொடங்கி மூன்று நாளே ஆகிறது என்று விளக்கக் கடிதம் எழுதிக் கொடுத்தார்.

“இதோட இதயும் வைங்க” என்று செக்குபந்தியார் அந்தப் பழைய உறையைப் பிரித்தார். உள்ளே, காப்பீடு எடுத்தபோது நான் வெட்டிச் செலவு என்று வைத ஸ்கேன் அறிக்கை. பித்தப்பையில் கல் இல்லை என்று அச்சில் இருந்தது. கீழே குணசேகரனின் கையெழுத்து. கூடவே முப்பதாண்டு வில்லங்கம் மூன்று தாள். தேள் கடியையும் கண் தூசியையும் மறைக்காத பெண், வயிற்றுவலியை மட்டும் மறைத்திருப்பாள் என்று எந்த நிறுவனத்தாலும் சொல்ல இயலாது.

காப்பீட்டு மேசைப் பெண் கடிதத்தையும் அறிக்கையையும் அனுப்பினார். பிழைத்திருத்தல் பத்திரம் தேவையில்லை என்றுதான் சொன்னார். “அது இல்லாம இது போவாது” என்று செக்குபந்தியார் மேசையருகே நின்றுவிட்டார். அதுவும் போயிற்று. மறுநாள் காலை பத்தரை மணிக்கு அனுமதி வந்தது. நிறுவனத்திலிருந்து ஓர் அதிகாரி என்னை அழைத்து, வேறொன்றும் கேட்காமல், “சார், அந்த டாக்குமெண்ட் எழுதினவரு இப்பவும் எழுதுறாரா? ஓசூர்ல எனக்கு ஒரு மனை இருக்கு” என்றார்.

நண்பகலில் அறுவை முடிந்தது. கையுறை, பஞ்சு போன்றவற்றுக்கு நிறுவனம் பணம் தராது என்பதை அறிந்த செக்குபந்தியார், “கையுற இல்லாம அறுக்கணும்னு எந்தப் பக்கத்துல எழுதியிருக்குது?” என்று மேசைப் பெண்ணிடம் ஒரு மணிநேரம் வழக்காடினார். அதில் தோற்றார். எடுத்த கல்லைச் சிறு குப்பியில் இட்டு எங்களிடம் தந்தபோது அவருக்குப் புதிய ஐயம் பிறந்தது: எடுக்கும் செலவை நிறுவனம் ஏற்றதால், கல் யாருக்குப் பாத்தியம்? பதிவு அஞ்சலில் கேட்டு எழுதினார். இன்றுவரை விடை இல்லை. உரிமை தீராத பொருளைத் தூக்கி எறியக் கூடாது என்று அவர் கட்டளையிட்டிருப்பதால், அக்கல் என் அகரமுதலிகளுக்கு நடுவே இருக்கிறது.

செண்பகம் வீடு திரும்பிய பின்னரே எங்களுக்கு ஒன்று உறைத்தது. இத்தனை வினா கேட்ட மனிதர் தமக்கென ஒரு காப்பீடும் எடுத்ததில்லை. மனைவியை இழந்தவர், பிள்ளைகள் இல்லை, ஒரே ஆள். கேட்டால், “கம்பெனி நேர்ல வந்து கையெழுத்து போடட்டும், நானும் போடுறேன்” என்பார். செண்பகம் விடவில்லை. “நாளைக்கு உங்களுக்கு ஒண்ணுன்னா நாங்க எந்தப் பத்திரத்த எடுத்துக்கிட்டு ஓடுறது? போடுங்கண்ணே. சொல்லிட்டேன்.” ‘சொல்லிட்டேன்’ அவரிடமும் பலித்தது.

குணசேகரன் வந்தார், இம்முறை விதித்தொகுப்பை முழுதும் படித்துவிட்டு வந்திருந்தார். நான்கு மணிநேரம் ஆயிற்று. போகும்வழியில் என் வீட்டுக்குள் நுழைந்து தலையில் கைவைத்து அமர்ந்தார். “சார், நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க. அவசரத்துக்குக் கூப்புட வேண்டியவர்னு ஒங்க பேரப் போட்டுருக்காரு. அது சரி. உறவுமுறைங்கிற எடத்துல பாருங்க.”

பார்த்தேன். மணிமணியான கையெழுத்தில், ‘கிழக்கெல்லை’ என்று எழுதியிருந்தது.

“கம்ப்யூட்டர் எடுத்துக்காது சார். அண்ணன், தம்பி, நண்பர், எதையாவது ஒண்ண எழுதச் சொல்லுங்க.”

போய்ச் சொன்னேன். செக்குபந்தியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அண்ணன் தம்பின்னா பாகம் பிரிச்சுக்கிட்டுப் போயிருவான். நண்பன்னா ஊர மாத்திக்கிட்டுப் போயிருவான். எல்ல எங்கங்க போவும்?” என்றார்.

குணசேகரன் படிவத்தில் வேறு ஏதோ எழுதிக்கொண்டார் என்று பின்னர் அறிந்தேன். இதைப் படித்ததும் செக்குபந்தியார் பிழைத்திருத்தல் பத்திரத்துடன் புறப்படுவார். அது அவர்கள் பாடு.

அன்று மாலை என் வீட்டுப் பத்திரத்தை எடுத்து விரித்தேன். முன்பு அவரே எழுதித் தந்தது. வடக்கே தெரு, தெற்கே ஒருவர் மனை, கிழக்கே கிணற்றுச் சந்து என்று இரண்டு பக்கம் நீண்டது. என் வீட்டுக்கு வடக்கிலும் தெற்கிலும் கிழக்கிலும் என்ன இருக்கிறது என்று எவரேனும் கேட்டால், பத்திரத்தைப் பார்த்துத்தான் சொல்வேன். மேற்கைச் சொல்ல எனக்குப் பத்திரம் வேண்டியதில்லை.